ஜெனரல் பட்லர்: நன்னீரில் கிடக்கும் ஒரு சரக்குத் தோணி

மொன்றியலில் இருந்து தெற்கே எல்லை கடந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓடினால் பேர்ளிங்டன் நகரம் வரும். அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்தில், சம்ப்ளைன் ஏரிக்கரையில் இருக்கிறது. கோடையில் எங்கள் ஆட்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வரும் இடம்தான். கரைக்கு முன்னால் கற்களால் கட்டிய நீண்ட அலைதடுப்பு அணை தெரியும். அந்த அணையின் தென்முனைக்குச் சற்று அப்பால், 40 அடி ஆழத்தில், 'ஜெனரல் பட்லர்' என்ற மரத்தோணி 1876ஆம் ஆண்டிலிருந்து கிடக்கிறது.

நான் முதலில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டபோது ஏதோ போர்க்கப்பல் என்றுதான் நினைத்தேன். பெயர் அப்படி. ஆனால் அது கல்லும் விறகும் தானியமும் ஏற்றி இறக்கிய ஒரு சரக்குத் தோணி. 1862இல், ஏரியின் மறுகரையில் நியூயோர்க் மாநிலத்துக்குரிய எசெக்ஸ் என்ற ஊரில் கட்டப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கி இரண்டாவது வருடம் அது. அந்த வருடம்தான் வடதரப்புத் தளபதி பெஞ்சமின் பட்லர் நியூ ஓர்லியன்ஸ் நகரை ஆண்டார். வடக்கிலே அவர் வீரர், தெற்கிலே வெறுக்கப்பட்டவர். போர்க்காலத்தில் பிள்ளைக்கும் கடைக்கும் வள்ளத்துக்கும் எப்படிப்பட்ட பெயர்கள் வைக்கப்படும் என்பது எங்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டிய விடயம் அல்ல.

தோணியின் அமைப்பை விளங்கிக்கொள்ள அந்த நீர்வழியைச் சொல்லவேண்டும். சம்ப்ளைன் ஏரி வடக்கு நோக்கிக் கனடாவுக்குள் வடிகிறது. தெற்கே ஹட்சன் ஆறு நியூயோர்க் துறைமுகத்துக்கு ஓடுகிறது. இரண்டையும் இணைக்க ஏறக்குறைய 60 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டி 1823இல் திறந்தார்கள். அதன் பிறகு வேர்மொண்ட் விவசாயியின் கோதுமையும், காட்டு மரமும், கற்குவாரிக் கல்லும் நீராலேயே நியூயோர்க் போய்ச் சேர்ந்தன.

ஒரு சிக்கல் இருந்தது. கால்வாயில் தோணியைக் கரையில் நடக்கும் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி இழுக்கும். ஏரியிலோ கழுதை நடக்கக் கரைப்பாதை இல்லை, காற்றுத்தான் துணை. ஆகவே ஏரிக்கரைத் தச்சர்கள் இரண்டுக்கும் பொருந்தும் ஒரு தோணியைக் கட்டினார்கள். ஏரியில் பாய்மரம் நிமிர்த்திப் பாய் விரித்து ஓடும். கால்வாய் வாசலுக்கு வந்ததும் பாய்மரங்களைக் கழற்றி, அடியில் இறங்கியிருக்கும் நடுப்பலகையை மேலே தூக்கிவிட்டால் அது வெறும் பெட்டித்தோணி. சரக்கை இறக்கி வேறு வள்ளத்தில் மாற்றி ஏற்றும் செலவு மிச்சம். கால்வாயில் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகளுக்குள் அடங்கவேண்டும் என்பதால் அளவும் அதற்கேற்றது. பட்லர் தோணி 88 அடி நீளம், அகலம் பதினான்கு அடிக்குச் சற்றுக் கூட. ஒரு பென்சில் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தோணிகளில் தோணிக்காரரின் குடும்பமே குடியிருந்தது. பின்பக்கத்துச் சிறிய அறையில் சமையலும் படுக்கையும். தோணி தாண்டால் தொழில் மட்டுமல்ல, வீடும் போகும்.

1876 டிசம்பர் 9. அந்தப் பருவத்தின் கடைசி ஓட்டங்களில் ஒன்று. ஏரியின் வடபகுதியில் உள்ள ஐல் லா மொட் தீவிலிருந்து மாபிள் கற்களை ஏற்றிக்கொண்டு பேர்ளிங்டன் நோக்கி வந்தது. தோணியில் ஐந்து பேர்: கப்டன் வில்லியம் மொன்கொமரி, அவருடைய பதின்மவயது மகள், மகளின் சிநேகிதி, ஒரு வேலையாள், காயத்துக்கு வைத்தியம் பார்க்கப் பயணம் செய்த கற்குவாரிக்காரர் ஒருவர். கரையை நெருங்கும்போது புயல்காற்றில் சுக்கான் இயந்திரம் உடைந்தது. கப்டன் நங்கூரத்தைப் போட்டார். பிறகு ஒரு தடியை எடுத்துச் சுக்கான் தண்டின் தலையில் சங்கிலியால் கட்டி, தற்காலிகச் சுக்கான்பிடி ஒன்று செய்துகொண்டு நங்கூரக் கயிற்றை வெட்டச் சொன்னார். அணையின் தென்முனையைச் சுற்றி உள்ளே போய்விடலாம் என்பது கணக்கு.

கணக்குப் பிழைத்தது. அலை தோணியைத் தூக்கி அணைக் கற்களின் மேல் திரும்பத் திரும்ப அடித்தது. ஒவ்வொரு முறை அது மேலே எழும்பும்போதும் ஒருவராக அணைமேல் குதித்தார்கள். கடைசியாகக் குதித்தவர் கப்டன். உடனேயே தோணி நழுவித் தாண்டுபோனது. உயிர் தப்பினாலும், பனி உறைந்த கல்மேல் நனைந்த உடுப்போடு நின்றவர்கள் விறைத்துச் செத்திருப்பார்கள். கரையில் கப்பற்சாமான் கடை வைத்திருந்த ஜேம்ஸ் வேக்ஃபீல்ட் தன் மகனையும் கூட்டிக்கொண்டு ஒரு சிறிய துடுப்புவள்ளத்தில் அந்த அலைக்குள் போய் ஐந்து பேரையும் ஏற்றிவந்தார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். யாருடைய தோணி, யார் உள்ளே என்று கேட்டுக்கொண்டு நிற்காமல் இறங்கியவர்.

பிறகு நூறு வருடங்களுக்கு மேல் அது ஏரியின் அடியில் கிடந்தது. 1980இல் சுழியோடிகள் கண்டுபிடித்தார்கள். உடல் அப்படியே இருந்தது. கடலாக இருந்தால் மரத்தைத் துளைக்கும் கடற்புழு அதை எப்போதோ தின்று முடித்திருக்கும். நன்னீரில் அந்தப் புழு இல்லை, ஆழத்துக் குளிரில் மரம் மெதுவாகத்தான் உக்கும்.

வெளியே தூக்கினால் என்ன என்ற கேள்வி இயல்பாக வரும். நூறு வருடம் நீரில் ஊறிய மரம் காயத் தொடங்கினால் சுருங்கி வெடித்துப்போகும். அதைப் பதப்படுத்தப் பல வருடங்களும் பெரும் பணமும் வேண்டும். வேர்மொண்ட் மாநிலம் வேறு முடிவு எடுத்தது. 1985இல் பட்லர் உட்படச் சில சிதைவுகளைக் கிடந்த இடத்திலேயே பாதுகாக்கப்பட்ட நீரடிச் சின்னங்களாக அறிவித்தது. மேலே மஞ்சள் மிதவை கட்டினார்கள், வள்ளங்கள் நங்கூரம் போட்டுத் தோணியை உடைத்துவிடாமல் அந்த மிதவையிலேயே கட்டிக்கொள்ள. சுழியோடிகள் பெயரைப் பதிந்துவிட்டு இறங்கிப் பார்க்கலாம், எதையும் எடுக்க முடியாது. மூன்று வருடம் கழித்து அமெரிக்க மத்திய அரசும் கைவிடப்பட்ட கப்பற்சிதைவுகள் பற்றிச் சட்டம் இயற்றி, மாநில நீரடி நிலத்தில் புதைந்து கிடப்பவற்றின் உரிமையை மாநிலங்களுக்குக் கொடுத்தது.

ஆபத்து நீங்கவில்லை. 1993இல் வரிக்குதிரைச் சிப்பி என்ற அந்நியச் சிப்பியினம் ஏரிக்குள் வந்தது. அது சிதைவுகளின்மேல் கனமாக ஒட்டுகிறது, இரும்பு ஆணிகள் அரிபட்டுப்போவதையும் விரைவுபடுத்துகிறது. ஏரிக்கரையில் உள்ள கடல்சார் அருங்காட்சியகம் சிதைவுகளை அளந்து, வரைந்து வைக்கும் வேலையில் இறங்கியது. அந்த அளவுகளைக் கொண்டே 2004இல் 'லோயிஸ் மக்ளூர்' என்ற முழு அளவுத் தோணியைக் கட்டி நீரில் இறக்கினார்கள். அது பழைய வழியாலேயே நியூயோர்க் வரை போய்வந்தது.

மரக்கலம் கட்டுவது எங்களுக்கும் புதிதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' ஏறத்தாழ பட்லர் அளவு நீளம்தான். வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, வல்வைக் கடலோடிகளும் சேர்ந்து ஓட்டி 1938இல் மசாசுசெட்ஸ் மாநிலத்துக் குளோசெஸ்ரர் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அன்னபூரணி நினைவில் நிற்பது அது தூரம் போனதால். போகாத தோணிகளை யார் அளந்து வரைந்தார்கள்?

தொண்ணூறுகளில் கிளாலிக் கடல்நீரேரியை நானும் இரவிலேதான் கடந்தேன். ஒரு இயந்திர வள்ளத்தின் பின்னால் கயிற்றில் கட்டிய வள்ளங்கள், மூட்டைகளுக்கு நடுவே நாங்கள். என் வள்ளத்துக்குப் பெயர் எழுதியிருந்ததா என்று பார்க்க வெளிச்சம் இருக்கவில்லை. வெளிச்சம் வந்தால் சூடு விழும் என்ற பயம். அந்த நீரில் மனிதரோடு சேர்த்து அடிபட்ட வள்ளங்கள் இருக்கின்றன. ஓட்டிகளில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டு எழுத இப்போது நேரம் இருக்கிறது.

பட்லரின் மேல்தளத்தில் அன்றைய மாபிள் கற்கள் இன்னும் இருக்கின்றன. கப்டன் சங்கிலியால் கட்டிய அந்தத் தற்காலிகச் சுக்கான்பிடியும் அப்படியே இருக்கிறது.