அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரி

களமசேரிவாழ் தமிழராகிய நமக்கு வடபறவூரை அடுத்த பட்டணம் தொலைவன்று. 2007-ஆம் ஆண்டில் அங்கு அகழாய்வு தொடங்கி, உரோமானியச் சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டபோது, ஈராயிரம் ஆண்டுப் பழமை என்று நாம் வியந்தோம். அப்பழமையைச் சிறுபிள்ளையாக்கும் ஊரொன்று திருவள்ளூர் மாவட்டத்தில், கொற்றலையாற்றுப் படுகையில் இருக்கிறது. அதுவே அத்திரம்பாக்கம்.

1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், நிலவியல் ஆய்வுத் துறையினரான இராபர்ட் புரூஸ் பூட், பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் மனிதக் கை செதுக்கிய கல்லைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பது இவற்றால் உறுதிப்பட்டது. ஆயினும் அவற்றின் வயது யாது? கல்லில் எவரும் ஆண்டு பொறித்து வைக்கவில்லையே!

விடை கிடைக்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அவ்வூரில் அகழ்ந்தனர். விண்ணிலிருந்து பொழியும் கதிர்கள், நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் கல்லில் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் கதிரியக்க வகைகளைத் தோற்றுவிக்கின்றன. கல் ஆழப் புதைந்தால் அத்தோற்றம் நின்றுவிடும். முன்பு தோன்றிய இரண்டும் வெவ்வேறு விரைவில் தேயும். எஞ்சிய விகிதத்தை அளந்தால் புதைந்த காலம் புலப்படும். இவ்வாறு கணித்து, கைக்கோடரிகளின் வயது சுமார் 15 இலட்சம் ஆண்டு, எவ்வாறாயினும் 10 இலட்சத்துக்குக் குறையாது என்று 2011-இல் வெளியிட்டனர்.

அமெரிக்கக் கண்டங்களிலோ, மனிதன் முதலில் வந்தது 13 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பா, அதற்கும் முன்பா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். நியூமெக்சிகோ மணற்பரப்பின் காலடித் தடங்கள் 21 ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று 2021-இல் அறிவிக்கப்பட்டபின்னும் வாதம் ஓயவில்லை.

மேடைகளில் சிலர் இக்கைக்கோடரியை ஏந்தி, ‘தமிழன் செய்த கருவி’ என்று முழங்குவர். அதனை நாம் ஏற்பதற்கில்லை. இன்றைய மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவில் கிடைத்தவை; அவற்றின் வயதே சுமார் 3 இலட்சம் ஆண்டுதான். ஆகவே அக்கல்லைச் செதுக்கியவன் தமிழனும் அல்லன், மலையாளியும் அல்லன்; நம் இனத்து மனிதனே அல்லன். அத்திரம்பாக்கத்தில் அவனுடைய எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவன் கைத்திறன் மட்டுமே எஞ்சியிருக்கிறது.

பூட் திரட்டிய கருவிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1904-இல் வாங்கிக்கொண்டது. பூண்டி நீர்த்தேக்கத்தருகே தொல்லியல் துறையின் காட்சியகமும் உண்டு. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள் பிள்ளைகளை அங்கு ஒருமுறை அழைத்துச் செல்வார்களாக.