கழுத்துப் பூவும் கைப்பூவும்

தூத்துக்குடி பனிமய மாதா கோயிலிலோ மணப்பாட்டிலோ வீரபாண்டியன்பட்டணத்திலோ ஒரு கல்யாணத்துக்குப் போனவர்களுக்குக் காட்சி பழக்கமானதுதான். வெள்ளைச் சேலையும் தலையில் வலையுமாக மணப்பெண், கையில் ரோஜாப் பொக்கே. மாப்பிள்ளையின் கோட்டு மார்பில் அதே நிறத்தில் ஒற்றை ரோஜா. தோழிக்குச் சிறிய செண்டு, தோழனுக்கும் இரு வீட்டு அப்பாக்களுக்கும் குத்திக்கொள்ளப் பூ, எல்லாம் ஒரே நிறம். இது எப்போது வந்த பழக்கம் என்று கேட்டால், ‘போர்த்துகீசியர் காலத்தில் வந்தது’ என்ற பதில் தயாராக இருக்கும். நம்பத் தோன்றும் பதில்தான். இந்தக் கடற்கரைச் சமூகமான பரதவர்கள் திரண்டு ஞானஸ்நானம் பெற்றது 1535-37 வாக்கில். பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் கால் வைத்தது 1542-ல். பர்னாந்து, மச்சாது, மோத்தா, ரொட்ரிகோ என்ற பெயர்கள் இன்றும் வீட்டு வாசல் பலகைகளில் இருக்கின்றன. பெயர் அங்கிருந்து வந்ததென்றால் பூவும் அங்கிருந்துதானே வந்திருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. ஆனால் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. கைப்பூவும் கோட்டுப் பூவும் இந்தக் கரைக்குப் போர்த்துகீசியர் விட்டுப்போன சொத்து இல்லை. அவர்கள் போய் இருநூறு ஆண்டு கழித்து, நீராவிக் கப்பலும் ரயிலும் புகைப்படமும் வந்த காலத்தில் வந்து சேர்ந்தவை என்பதுதான் என் வாதம்.

போர்த்துகீசியர் கல்யாணத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்பதில் குழப்பம் கிடையாது. திரிதெந்து பொதுச்சங்கம் 1563-ல் விதித்த ஒழுங்கு அது: பங்குச்சாமியார் முன்னால், இரண்டு சாட்சிகள் வைத்து, முன்கூட்டியே கோயிலில் மூன்று முறை அறிவித்த பிறகே திருமணம். அந்த அறிவிப்பைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் இன்னும் ‘ஓலை வாசித்தல்’ என்றுதான் சொல்கிறார்கள். 1614-ல் வெளியான உரோமைச் சடங்கு நூலில் திருமணத்துக்கு உரிய பகுதியை எடுத்துக்கொண்டால் சம்மதம் கேட்பது இருக்கிறது, வலது கைகளைச் சேர்ப்பது இருக்கிறது, மோதிரம் மந்திரிப்பது இருக்கிறது. பூவைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அடுத்து உடையைப் பாருங்கள். கோட்டில் பூக்குத்த மடிப்புக் கழுத்துள்ள கோட்டு வேண்டும். அந்த மடிப்பும் அதில் பூச்செருகும் நாகரிகமும் ஐரோப்பாவிலேயே 19-ஆம் நூற்றாண்டில் நிலைத்தவை. மணப்பெண்ணின் வெள்ளை உடையை மேல்தட்டு நாகரிகமாக்கியதும் 1840 பிப்ரவரி 10 அன்று நடந்த விக்டோரியா ராணியின் கல்யாணம்தான். அன்று அவர் தலையில் வைத்திருந்தது ஆரஞ்சுப் பூச்சரம். ரோஜாவுக்கு அப்போது முதலிடம் இல்லை. டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்து போர்த்துகீசியரை வெளியேற்றியது 1658-ல். இரண்டு ஆண்டுகளுக்கும் இடையே 182 ஆண்டு இடைவெளி. லிஸ்பனிலேயே உருவாகாத ஒரு வழக்கத்தை லிஸ்பன்காரர்கள் இந்தக் கரையின் புன்னைக்காயலுக்குக் கொண்டுவந்திருக்க முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஐரோப்பியக் கல்யாணங்களில் பூ இருந்தது விக்டோரியாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே. தலையில் பூமுடி வைத்தார்கள், வழியில் இலையும் பூவும் தூவினார்கள் என்பார்கள். உண்மைதான். ஆனால் தலையில் சூடுவதும் வழியில் தூவுவதும் தமிழருக்குக் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தைகள் அல்லவே! அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் மணப்பெண்ணைப் பெண்கள் நீராட்டும்போது அந்த நீரில் பூவும் நெல்லும் கலந்திருக்கின்றன. நெய்தல் நிலத்தில் பூவைத் தொடுத்து அணிவது முத்துக்குளிப்பு அளவுக்குப் பழைய செய்தி. அப்படி ஏதேனும் ஐரோப்பியப் பூமுடி 16-ஆம் நூற்றாண்டில் வந்திருந்தாலும் அது இங்கே இருந்த சரத்திலும் மாலையிலும் கரைந்து, தடமில்லாமல் போயிருக்கும். தனித்துத் தெரிகிற அன்னியப் பொருள் ஒன்றுதான்: காம்போடு பூவைக் கட்டி, சூடாமல், மாற்றிக்கொள்ளாமல், கையில் பிடித்து நடப்பது. இதற்குத்தான் பிறந்த தேதி வேண்டும். அந்தத் தேதி 19-ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் போகாது.

மாலை இந்துக்களுடையது, பொக்கே கிறிஸ்தவர்களுடையது, அதனால் மதம் மாறியபோதே மாலை போய்ப் பொக்கே வந்திருக்கும் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். இதைச் சோதிக்க ஒரு நல்ல ஆவணம் 1704-ல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் பிறப்பித்த ஆணை. தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணத்தில் எதெல்லாம் கூடாது என்று அது பட்டியல் போட்டது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, மஞ்சள் தோய்ந்த 108 இழைக் கயிறு, அரசங்கொம்பு, தேங்காய் உடைப்பது எல்லாம் அதில் வந்தன. நாற்பது ஆண்டு நீடித்த அந்தச் சர்ச்சையில் தாலியே தப்பித்தது. பிள்ளையார் போய்ச் சிலுவை வந்தது. கழுத்து மாலையோ சண்டையின் நடுவுக்கே வரவில்லை. அந்த ஆணை மதுரை, மைசூர், கர்நாடக மிஷன்களை நோக்கியது, கரையோரம் வேறு நிர்வாகத்தில் இருந்தது என்பது சரி. ஆகவே இதை நேரடிச் சான்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அரசங்கொம்பு வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடியவர்கள் மாலையைப் பெரிதாக எண்ணவில்லை என்றால், மாலையை ஒழித்து அந்த இடத்தில் வேறு பூவை வைக்க வேண்டிய தேவை திருச்சபைக்கு இருக்கவில்லை என்றே கொள்ள வேண்டும். இன்றும் கோயிலில் தாலி கட்டி, மோதிரம் மாற்றி, மாலையும் மாற்றிக்கொள்கிறார்கள். ஒன்று போய் மற்றது வந்ததல்ல இந்த வரலாறு.

ரோஜாவின் கதை தனி. இந்தக் கரைக் கல்யாணத்துக்குள் ரோஜா முதலில் பூவாக வரவில்லை, நீராக வந்தது என்பது என் ஊகம். எந்த மதத்துக் கல்யாணமானாலும் வாசலில் பன்னீர்ச் செம்பு இருக்கும். சந்தனம் கொடுத்துப் பன்னீர் தெளிப்பார்கள். மேற்காசியாவிலிருந்து வந்த அந்த மணம் காயல்பட்டினத்துக்கும் அறிமுகம், தூத்துக்குடிக்கும் அறிமுகம். ஆனால் பன்னீர் ரோஜா பொக்கேக்கு உதவாது. காம்பு குட்டை, இதழ் சீக்கிரம் உதிரும்; மாலைக்கும் உதிரிப்பூவுக்கும்தான் சரி. நீண்ட காம்பில் நிமிர்ந்து நிற்கிற ஒற்றை மொட்டு வேறு குலம். வருடம் முழுக்கப் பூக்கும் சீன ரோஜாக்கள் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இங்கிலாந்து போயின. கல்கத்தாத் தாவரத் தோட்டம் அந்த வழியில் ஒரு தங்குமிடம், ஐரோப்பியர்கள் அவற்றை வங்காள ரோஜா என்றே அழைத்தார்கள். ஐரோப்பாவில் அவை மற்ற இனங்களோடு கலந்து பிறந்த புதுவகையின் முதல் பூ என்று கொள்ளப்படுவது 1867-ல் பிரான்சின் லியோன் நகரத்துக் கீயோ வளர்த்த ‘லா பிரான்ஸ்’. இன்று கோட்டில் குத்துகிற ரோஜா அந்த வம்சம். ஆக, போர்த்துகீசியர் இங்கே இருந்த காலத்தில் இந்த ரோஜாவே உலகத்தில் இல்லை.

அது வந்து சேர்ந்த வழியும் காலமும் ஒத்துப்போகின்றன. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் வந்தது 1876-ல். தனுஷ்கோடி-தலைமன்னார் வழி 1914-ல் திறக்கும் வரை, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில் இறங்கித்தான் கப்பல் ஏறினார்கள். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்தத் தடத்துக்காகத்தான். பரதவ வணிகர்களுக்குக் கொழும்பில் கடையும் சொந்தமும் இருந்தன. ஆங்கிலேயக் கல்யாண நாகரிகம் அங்கே கண்ணெதிரில் இருந்தது. துணி, தொப்பி, சப்பாத்து எல்லாம் வந்த கப்பலில் இந்தப் பழக்கமும் ஏறி வந்திருக்கும் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. இன்னொரு தூண்டுதல் புகைப்பட ஸ்டூடியோ. மாலை போட்ட மணமக்கள் படத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்கள். செண்டு அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது.

கோயிலுக்குள் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு பூவுக்கும் வேலை வேறு என்பது விளங்கும். பெண் பொக்கேயோடு வருகிறாள். கைப்பிடித்தல் நேரம் வந்ததும் வலது கை வேண்டும். பொக்கே தோழி கைக்குப் போகிறது. தாலியும் மோதிரமும் முடிகிற வரை தோழி இரண்டு செண்டுகளைச் சுமந்து நிற்கிறாள். பிறகு மாலை. மாலை ஒருவர் கழுத்திலிருந்து இன்னொருவர் கழுத்துக்குப் போகிறது. அதில் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. பொக்கே அப்படி எதையும் செய்யாது, வருகிறவளை அலங்கரிக்கிறது, அவ்வளவுதான். பூசை முடிந்து மாதா பீடத்துக்குப் போய்ச் செபிக்கும்போது பூவை அங்கே வைத்துவிட்டு வருகிற வழக்கமும் பல ஊர்களில் உண்டு. ஆங்கிலேயர்களைப் போல முதுகுக்குப் பின்னால் வீசிக் கன்னிப்பெண்களைப் பிடிக்கச் சொல்வது இங்கே வேர்விடவில்லை. கடவுளுக்குச் சாத்துவது பூவின் கடமை என்று நினைக்கிற ஊரில் அதை வீசி எறிய மனம் வராது.

இது வெறும் வெள்ளைக்காரப் போலச்செய்தல், விட்டுத்தொலைக்க வேண்டியது என்பது அடுத்த மறுப்பு. போலச்செய்தல் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்கிய பொருளை என்ன செய்தார்கள் என்பதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நேரு தன் அச்கனில் செருகிய சிவப்பு ரோஜாவும் ஐரோப்பியப் பழக்கம்தான். அதை யாரும் அன்னியமாக நினைக்கவில்லை. அதோடு, நிறமும் அளவும் பார்த்து இணை சேர்ப்பதை இந்தக் கரைக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. முத்து வியாபாரிகள் பத்துப் பித்தளைச் சல்லடை வைத்திருந்தார்கள். இருபது துளை உள்ளதில் தொடங்கி ஆயிரம் துளை உள்ளதில் முடியும். அளவு பிரித்தபின் உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அனதாரி என்று தரம் சொல்வார்கள். ஆணிமுத்துக்குத்தான் முதல் விலை. இன்று ரோஜாவும் அப்படித்தான் விற்கிறது: காம்பு நாற்பது சென்டிமீட்டரா, ஐம்பதா, அறுபதா, மொட்டு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்த்து விலை. தூத்துக்குடியின் முத்துக்குளிப்பு 1961-ல் நின்றுவிட்டது. இணை பார்க்கிற கண் அதோடு போய்விடவில்லை.

ஆனாலும் ஒரே நிற ரோஜாவைக் கல்யாணக் கூட்டம் முழுவதற்கும் பொருத்துவது இன்னும் புதியது. தேரி மணலிலும் உப்பளத்து ஓரத்திலும் ரோஜா வளராது. மாலைக்குத் தோவாளையும் சங்கரன்கோவிலும் மதுரையும் இருக்கின்றன. அங்கே பூ உதிரியாக, எடைக்கு விலை. பொக்கே ரோஜா வருவது ஓசூரிலிருந்து. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், 1990-களுக்குப் பிறகு பெருகிய பசுமைக்குடில்களில் ‘தாஜ்மகால்’ போன்ற வகைகளை வளர்த்து, கட்டுக்கு இருபது காம்பு என்று கட்டி அனுப்புகிறார்கள். ஒரே தோட்டத்து, ஒரே வகை, ஒரே நாள் வெட்டு கிடைத்தபிறகுதான் அச்சாகப் பொருந்திய நிறம் சாத்தியமாயிற்று. அதற்கு முன்பு கிடைத்த பூவே நிறம். விலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தவக்காலத்தில் கத்தோலிக்கர் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் ஜனவரி, பிப்ரவரியில் கல்யாணங்கள் நெருக்கும். தை, மாசி முகூர்த்தங்களும் அதே நேரம். பிப்ரவரி 14 ஏற்றுமதிக்காக ஓசூர் ரோஜா எகிறுவதும் அப்போதுதான். (2018-லும் 2024-லும் சாம்பல் புதன் பிப்ரவரி 14 அன்றே விழுந்தது, அந்த ஆண்டுகளில் கல்யாண வீட்டுக்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.) கோட்டுப் பூ செய்வதும் லேசான வேலை இல்லை. காம்பை ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி, கம்பி கொடுத்து, ஓர் ஆஸ்பராகஸ் இலையும் கொஞ்சம் ஜிப்சோபிலாவும் சேர்த்துப் பச்சை டேப் சுற்றி, குண்டூசியோடு கொடுக்க வேண்டும். கடற்காற்றின் புழுக்கத்தில் தண்ணீரில்லாத பூ பூசை முடிவதற்குள் தலைசாய்கிறது. நாரில் தொடுத்த சம்பங்கி மாலை ராத்திரி வரவேற்பு வரை தாங்கும்.

இந்த வாதத்தில் இன்னும் நிரப்ப வேண்டிய பகுதி 1876-க்கும் 1950-க்கும் இடையே இருக்கிறது. கோயில் திருமணப் பதிவேட்டில் பெயரும் தேதியும் சாட்சியும் இருக்கும், பூ இருக்காது. அது இருப்பது வீட்டுச் சுவரில் தொங்குகிற, அலமாரியில் செல்லரிக்கிற கல்யாணப் படங்களில் மட்டும். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை, கொழும்பிலும், அப்படிப் படம் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தில் பென்சிலால் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள்; ஒரு நகல் எடுத்துப் பங்குக் கோயிலிலோ பக்கத்து நூலகத்திலோ கொடுங்கள்.