அநாதையாக்கப்பட்ட வில்லைகள்

முகப்படம் எடுக்கிற ஆக்களில் இரண்டு கட்சி உண்டு. கையால் போகஸ் செய்வதுதான் கலை என்பவர்கள் ஒருபக்கம், ஓட்டோபோகஸ் இல்லாவிட்டால் கமராவே வேண்டாம் என்பவர்கள் மறுபக்கம். ஆனால் அந்தக் காலத்தில் பலருக்குத் தெரிவே இருக்கவில்லை பாருங்கோ. கம்பனிகள் தெரிந்துவிட்டன.

1985இல் மினோல்ற்றா 7000 வந்தது. ஓட்டோபோகஸ் மோட்டர் கமராவுக்குள்ளேயே இருந்தது. மற்றவர்கள் ஆடிப்போனார்கள். நிக்கோன் 1959இல் தொடங்கிய வில்லைப் பூட்டை விடாமல் சமாளித்தது. கனனோ 1971இல் வந்த தன் எஃப்டி வில்லைகளைக் கைவிட்டு, 1987இல் ஈஓஎஸ் என்று புதுப்பூட்டுக்கு மாறியது. பழைய வில்லைக்கும் பிலிமுக்கும் இடைத்தூரம் 42 மில்லிமீற்றர், புதியதில் 44. வெறும் வளையம் போட்டுப் பூட்டினால் தூரத்தில் நிற்பது தெளியாது. கோப்பை கழுவிச் சேர்த்த காசில் 85 மிமீ எஃப்1.2 வாங்கியவன் என்ன செய்வான்?

இன்னொன்றும் நடந்தது. பழைய கமராவில் பார்த்தால் நடுவில் ஒரு வட்டம் தெரியும். அதற்குள் முகம் இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கும். வில்லையைத் திருப்ப இரண்டு பாதியும் ஒட்டும், போகஸ் சரி. ஓட்டோபோகஸ் கமராக்களில் பெரும்பாலும் அந்த வட்டத்தை எடுத்துவிட்டார்கள். கண் தெளிந்தால் காது மங்குகிற எஃப்1.2இல் வட்டமில்லாமல் கையால் போகஸ் செய்வது குருட்டுவேலை. பிறகு "கையை நம்பேலாது" என்றால் எப்படி?

2008இல் பனசோனிக் ஜி1 வந்தபின்தான் விடிவு. உள்ளே கண்ணாடி இல்லாததால் வில்லைக்கும் சென்சருக்கும் இடைத்தூரம் குறைவு. வளையத்தோடு எஃப்டி பூட்டலாம், கண்ணிமையைத் திரையில் பெருப்பித்தும் பார்க்கலாம். இன்றைய கமராக்கள் கண்ணைத் தாங்களே தேடிப் பிடிக்கின்றன, ஓடித்திரிகிற பிள்ளைகளுக்கு அதுதான் சரி. கதிரையில் ஆறுதலாக இருக்கிற அம்மம்மாவுக்கு நான் எஃப்டியைத்தான் பூட்டுவேன்.