இரைச்சலுக்கு நடுவே பேச்சைக் கேட்ட கதை



கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டு நடந்த காலத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருபக்கம் லோரி உறுமும், நாய் குரைக்கும். அத்தனை சத்தத்திலும் கங்காணி கூப்பிட்ட பெயர் காதில் விழுந்துவிடும். இந்த வித்தையை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க மனிதன் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடுபடுகிறான்.

1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ‘ஆட்ரி’ என்ற கருவி, பூஜ்யம் முதல் ஒன்பது வரையே அறிந்தது. அதுவும் பழகிய குரல் நிறுத்தி நிறுத்திச் சொன்னால்தான்.

பிறகு வந்தவர் நம்ம பக்கத்து மனிதர். சித்தூர் மாவட்டத்துக் காட்டூர் கிராமத்தில் பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவர் குழுவினர் 1976-இல் முடித்த ‘ஹார்ப்பி’ 1,011 சொற்களை அறிந்தது. 1994-இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. ஆனால் ஹார்ப்பி பிறந்த அந்த ஆராய்ச்சித் திட்டத்தில் ஒரு நிபந்தனை: அமைதியான அறையில் பேச வேண்டும். லயத்து வீட்டில் அமைதியான அறைக்கு எங்கே போவது?

1979-இல் ஸ்டீவன் போல் என்பவர் ஒரு வழி சொன்னார். பேச்சில்லாத நேரத்தில் இரைச்சலை அளந்து, பேச்சிலிருந்து கழித்துவிடுவது. நம் பிள்ளைகள் போடும் கழித்தல் கணக்குதான்! ஒரே சீராக ஓடும் விசிறிக்கு இது சரிவரும். தகரக் கூரையில் கூடிக் குறையும் மழைக்குச் சரிவராது. கணக்குத் தப்பினால் பேச்சும் சேர்ந்து கழிந்துபோகும்.

1987-இல் லிப்மன் குழுவினர் வேறு வழி கண்டனர். வேகமாக, மெதுவான குரலில், உரக்க, காதில் இரைச்சல் ஒலிக்கும்போது என்று பலவிதமாகப் பேசவைத்து இயந்திரத்தைப் பழக்கினார்கள். பின்னால் வந்தவர்கள் இரைச்சலையே பாடத்தில் கலந்து கொடுத்தார்கள். ஆற்றில் இறங்காமல் நீச்சல் வருமா?

2022-இல் வந்த ‘விஸ்பர்’ 680,000 மணி நேர ஒலிப்பதிவு கேட்டுப் படித்தது. பெரும்பங்கு ஆங்கிலம். தமிழ் உட்பட 96 மொழிகளுக்கும் சேர்த்தே 117,000 மணிதான். அதே ஆண்டு சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அகில இந்திய வானொலிச் செய்திகளிலிருந்து 12 மொழிகளில் 6,400 மணி நேரத்துக்கு மேல் திரட்டினார்கள். தமிழும் அதில் உண்டு. நல்ல காரியம்! ஆனால் செய்தி வாசிப்பவர் தமிழ் வேறு. பால்மரத்தடியில் மலாய்ச் சொல்லும் கலந்து வளர்ந்த நம்ம தமிழ் வேறு. கேட்டுப் பழகாத பேச்சும் இயந்திரத்துக்கு இரைச்சல்தான்.

ஆகவே பிள்ளைகளே, இந்த விடுமுறையில் தாத்தா பாட்டியிடம் அனுமதி கேட்டு, அவர்கள் சொல்லும் கதையைக் கைப்பேசியில் பதியுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதியும் வையுங்கள். ஒலியும் எழுத்தும் சேர்ந்தால்தான் பாடம். நடுவில் சேவல் கூவினாலும் அழிக்க வேண்டாம், அதுவும் இருக்கட்டும்.