நாற்பதில் ஒரு பங்கு: கனடாவின் முதியோர் ஓய்வூதியம் வந்த வழி

வருமானவரிக் காலத்தில் என்னிடம் வருகிறவர்கள் கோப்பை மூடிய பிறகு தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணை, என்னோட வேலை செய்த வெள்ளைக்காரருக்கு முழு முதியோர் பணமும் வருகுது. எனக்கு ஏன் அரைவாசி?" இதற்குப் பதில் சொல்ல 1927க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டில்தான் கனடாவின் முதலாவது முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. அரசின் கருணையால் வந்ததல்ல. பாராளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல் தவித்த பிரதமர் மக்கென்சி கிங், வூட்ஸ்வர்த், ஹீப்ஸ் என்ற இரண்டு தொழிலாளர் உறுப்பினர்களின் ஆதரவைப் பெறுவதற்காகக் கொடுத்த வாக்குறுதி அது. மாதம் கூடியது 20 டொலர். எழுபது வயதாகியிருக்க வேண்டும், பிரித்தானியப் பிரஜையாக இருக்க வேண்டும், கனடாவில் 20 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும், ஆண்டு வருமானம் 365 டொலருக்குள் இருக்க வேண்டும். இந்தியர் சட்டத்துக்குள் வந்த பூர்வீகக் குடிகளை, அதாவது மண்ணின் சொந்தக்காரரையே, சட்டம் வெளியில் நிறுத்தியது. ஓய்வூதியம் வாங்கியவர் இறந்தால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து மாகாணம் அந்தப் பணத்தைத் திருப்பி எடுக்கவும் வழியிருந்தது. கணக்காளன் கண்ணுக்கு இது ஓய்வூதியமாகத் தெரியவில்லை, கடனாகத்தான் தெரிகிறது.

1952 ஜனவரியில் வருமானச் சோதனை இல்லாமல் எழுபது வயதான எல்லோருக்கும் 40 டொலர் என்றானது. 1966இல் சி.பி.பி. தொடங்கியது. அதே ஆண்டிலிருந்து வயதெல்லை ஆண்டுக்கு ஒன்றாக இறங்கி 1970இல் 65இல் வந்து நின்றது. 1967இல் வருமானம் குறைந்தவர்களுக்கான உத்தரவாத மேலதிகப் பணம் சேர்ந்தது.

எங்களைத் தொடும் மாற்றம் 1977 ஜூலையில் வந்தது. அதுவரை, விண்ணப்பிக்கும் முன் தொடர்ந்து பத்து ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவருக்கு முழுத்தொகையும் கிடைத்தது. புதிய விதியின்படி 18 வயதுக்குப் பின் கனடாவில் வாழ்ந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் நாற்பதில் ஒரு பங்கு. பத்து ஆண்டு இல்லையென்றால் ஒன்றுமில்லை. எங்கள் சனம் பெருந்தொகையாக வரத்தொடங்கியது 1983க்குப் பிறகு. 155 பேர் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்தது 1986 ஓகஸ்டில். ஆகவே அநேகமாக நாங்கள் எல்லோரும் புதிய விதிக்காரர். 1990இல் நாற்பது வயதில் வந்தவருக்கு 2015இல் 65. அவருடைய பங்கு நாற்பதில் இருபத்தைந்து. அந்தப் பதினைந்து ஆண்டு யாழ்ப்பாணத்தில் தொலைந்தது என்று அவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் வருமானம் குறைந்தவருக்கு அந்த மேலதிகப் பணம் இந்தக் குறையைப் பெருமளவு நிரப்புகிறது. பலருக்கு இது தெரியாது. வருமானமே இல்லாவிட்டாலும் ஏப்ரல் 30க்குள் வரிப்பத்திரம் போடவேண்டும், அதைப் பார்த்துத்தான் புதுப்பிக்கிறார்கள். ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் நின்றால் அது நின்றுவிடும். அடிப்படை ஓய்வூதியமோ, கனடாவில் 20 ஆண்டு வதிவிடம் உள்ளவருக்கு எந்த நாட்டில் இருந்தாலும் வரும். ஜேர்மனி, சுவிஸ், பிரான்ஸ், நோர்வே வழியாக வந்தவர்களுக்கு அந்நாடுகளுடன் உள்ள ஒப்பந்தங்களால் அங்கு கழித்த காலமும் பத்து ஆண்டை எட்ட உதவலாம். இலங்கையுடன் அப்படி ஒப்பந்தமில்லை.

வதிவிடத்தைக் காட்டத் தாள் வேண்டும். வேறொருவர் கடவுச்சீட்டில் வந்தவர்களுக்கு, 2002க்கு முன் தந்த ஐ.எம்.எம். 1000 என்ற அந்த மடித்த தாள்தான் முக்கிய சாட்சி. அதைப் பழைய சூட்கேசில் பூஞ்சணம் பிடிக்க விடாதீர்கள். சி.பி.பி.க்கோ கட்டிய பணம்தான் கணக்கு. உணவகச் சமையலறைகளில் கையில் காசு வாங்கிச் செய்த ஆண்டுகள் அந்தக் கணக்கில் வெறும் பூச்சியம். முதலாளி கட்டவேண்டிய பாதியும் சேர்ந்துதான் போனது. 65 தாண்டியும் விண்ணப்பிக்காமல் இருந்தவர்களுக்குப் பின்னோக்கிக் கிடைப்பது கூடியது பதினொரு மாதம்.

மருத்துவக் காப்புறுதியின் ஓட்டைகளும் வரலாற்றால் வந்தவைதான். சஸ்காச்சுவான் மாகாணம் 1947இல் வைத்தியசாலைச் செலவை ஏற்றது. 1962இல் வைத்தியர் கட்டணத்தையும் ஏற்றபோது வைத்தியர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1966இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தபோதும் கணக்கில் வந்தவை வைத்தியசாலையும் வைத்தியரும் மட்டுமே. வீட்டில் விழுங்கும் மருந்து, பல், கண்ணாடி வெளியே நின்றன. பல் மட்டும் உடம்பில் இல்லையோ? வருமானம் குறைந்தவர்களுக்கு, வேறு பல் காப்புறுதி இல்லாவிட்டால், பல் வைத்தியத்துக்கு மத்திய அரசின் திட்டம் 2024இல்தான் வேலைசெய்யத் தொடங்கியது. ஒன்ராறியோவில் 65 வயதானதும் பெரும்பாலான மருந்துகளுக்கு மாகாணம் கைகொடுக்கிறது.

கொழும்பில் படுத்தால் ஓஹிப் கொடுப்பது மிகச் சொற்பம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது பிரஷர், சலரோகம் எதையும் மறைக்காதீர்கள். புறப்படுவதற்குச் சில மாதங்களுக்குள் மருந்தின் அளவை வைத்தியர் மாற்றியிருந்தால் அந்த நோய்க்குக் காசு தரமாட்டோம் என்று பல ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். கையெழுத்து வைக்கமுன் அந்தப் பந்தியைப் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பித்துப் பாருங்கள்.