கட்டுப்பட்ட நிர்வாக மெனு

கட்டுப்பட்ட நிர்வாக மெனு என்பது, யூனிக்ஸ் வகைக் கணினிகளில் இளநிலை நிர்வாகிகளும் இரவுப் பணி ஆபரேட்டர்களும் குறிப்பிட்ட சில வேலைகளை மட்டும் செய்ய வழிவிடும் நிரல். கடவுச்சொல் மாற்றுவது, நின்றுபோன அச்சு வரிசையைக் கிளப்புவது, பேக்கப் எடுப்பது போன்றவற்றை எண்ணை அழுத்தியே செய்துவிடலாம். ரூட் கடவுச்சொல் அவர்கள் கைக்குப் போகாது.

பழைய யூனிக்ஸில் ரூட் கணக்குக்கு எல்லா அதிகாரமும் உண்டு. மற்றவர்களுக்கு நிர்வாக அதிகாரம் ஏறக்குறைய இல்லை. இந்தப் பள்ளத்தில் முதல் பாலம் போட்டவர் டென்னிஸ் ரிச்சி. ஒரு நிரலை யார் இயக்கினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடச் செய்யும் ‘செட்யூஐடி’ அவருடைய கண்டுபிடிப்பு. அதற்கு 1973-இல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை (எண் 4,135,240) 1979-இல் கிடைத்தது. மெனு எழுதியவர்கள் பலர் இந்த வசதியை ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கே கொடுத்தது பெரும் பிழை. பயனர் தன் சூழல் மாறிகளை மாற்றி வைத்தே அப்படிப்பட்ட ஸ்கிரிப்டை ஏமாற்ற முடிந்தது. லினக்ஸ் இன்று ஸ்கிரிப்டுகளில் செட்யூஐடியைப் பொருட்படுத்துவதே இல்லை.

1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் வாக்ஸ்-11/750 கணினியில் ‘சுடோ’வை எழுதினார்கள். யார், எந்தக் கணினியில், எந்தக் கட்டளையை, யாருடைய அதிகாரத்தில் இயக்கலாம் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைக்கும் இந்த முறையே நல்ல மெனுவுக்கு அடித்தளம்.

நிறுவனங்களும் தம் மெனுக்களைத் தந்தன. ஹெச்பி-யூஎக்ஸின் ‘சாம்’ கருவியில் எந்தப் பயனருக்கு எந்தப் பகுதி என்று பிரித்துக் கொடுக்க முடிந்தது. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸில் வந்த ‘ஸ்மிட்’ தனியே பாராட்டத் தக்கது. எஃப்6 விசையை அழுத்தினால் மெனு இயக்கப்போகும் கட்டளையையே அது காட்டும். இயக்கிய கட்டளைகளை ஒரு கோப்பிலும் சேர்த்து வைக்கும். மெனுவில் பழகுபவர் கட்டளை கற்கமாட்டார் என்ற வாதம் இதன் முன் நிற்காது.

சொந்தமாக எழுதும் மெனு பெரும்பாலும் பயனரின் உள்நுழைவு ஷெல்லாகவே அமைக்கப்படும். வெளியேறினால் இணைப்பே முடிந்துவிடும். கன்ட்ரோல்-சி அழுத்தி ஷெல்லுக்குள் நழுவாதபடி சிக்னல்களையும் தடுக்க வேண்டும். ஆனால் பூட்டு மெனுவில் இல்லை, அது அழைக்கும் கட்டளையில் இருக்கிறது. லாக் கோப்பைப் பார்க்க ரூட் அதிகாரத்தில் ‘லெஸ்’ஸைத் திறந்துவிட்டால், அதற்குள் ஆச்சரியக்குறியைத் தட்டியே ரூட் ஷெல்லைப் பெறலாம். ‘விஐ’ எடிட்டரும் அப்படித்தான். கோப்பைத் திருத்த ‘சுடோஎடிட்’டும், பிற கட்டளை பிறக்காமல் தடுக்க ‘நோஎக்ஸெக்’ குறியும் இதற்காகவே சுடோவில் உள்ளன.

கடவுச்சொல் மாற்றும் வரிக்குத் தனிக் கவனம் தேவை. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் ரூட்டின் பெயரை மறுக்காவிட்டால், இளையவர் அந்த நிமிடமே முழு நிர்வாகி ஆகிவிடுவார். சுடோ விதியில் உடுக்குறி போடுவதும் ஆபத்து: கட்டளைக்குப் பின் வரும் சொற்களில் அது இடைவெளியையும் சாய்கோட்டையும் ஏற்கும். மெனு கோப்பும் அது இருக்கும் கோப்புறையும் ரூட்டுக்கே சொந்தமாக இருக்க வேண்டும், இளநிலை நிர்வாகி அவற்றில் எழுதக் கூடாது.

‘ஆர்பேஷ்’ போன்ற கட்டுப்பாட்டு ஷெல்கள் கோப்புறை மாற்றுவதையும், சாய்கோடிட்ட கட்டளைப் பெயரையும், வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்புவதையும் மறுக்கும். எட்டும் இடத்தில் சாதாரண ஷெல்லோ எடிட்டரோ ஒன்று இருந்தாலே இவை உடைந்துவிடும். மெனுவுக்கு மாற்றாக இவற்றைக் கொள்ள முடியாது.

தற்போது வெப்மின் போன்ற உலாவிவழிக் கருவிகளும், சோலாரிஸிலும் ஏஐஎக்ஸிலும் வந்த பணிசார் அதிகாரப் பகிர்வும் இதே வேலையைச் செய்கின்றன.