தண்ணீர்மலை தரும் பாடம்

தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகனைத் தொழும் நம்மவருள் அவ்வூர்ப் பெயரின் பொருளை ஓர்வார் சிலரே. 1786இல் ஜார்ஜ் டவுன் தோன்றிய சில பத்தாண்டுகளுக்குள், அம்மலை அருவியின் நீர் வாய்க்கால் வழியே நகருக்குக் கொணரப்பட்டது. மேட்டுநீர் பள்ளம் நாடும். ஆதலின் மலையின் உயரமே பொறியாயிற்று.

நகர் பெருகவே அருவி போதவில்லை. 1962இல் மலைமேல் ஆயர் ஈத்தாம் அணை எழுந்தது. இன்றோ பினாங்கு மாநிலக் குடிநீரின் பெரும்பகுதி சமவெளியில் ஓடும் மூடா ஆற்றினது. தாழ்ந்த நீரைப் பம்பு கொண்டே ஏற்றல் வேண்டும்.

“பம்பை மேட்டில் வைத்து உறிஞ்சினால் ஆகாதா, ஐயா?” என எம் தோட்டப் பள்ளிச் சிறுவன் ஒருவன் வினவினான். ஆகாது. உறிஞ்சுகுழாயில் நீரை ஏற்றுவது வெளிக்காற்றின் அழுத்தமே. அது சுமார் 10 மீட்டர் உயர நீரையே தாங்கும். இவ்வுண்மையை 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி விளக்கினார். ஆகவே பம்பு நீர்மட்டத்தை ஒட்டி நின்று, கீழிருந்து மேலே தள்ளுதலே முறை.

மூடா ஆறு பிறப்பது கெடா மாநிலத்தில். அங்குள்ள மலைக்காடு அழியுமாயின் நம் பம்பு எதனை இறைக்கும்? பொறியை விலைக்கு வாங்கலாம். ஊற்றை வாங்க இயலாது. மாணவரைத் தண்ணீர்மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதனையும் எடுத்துரைப்பார்களாக.